சிகந்தராபாத் பையனும் பதினெட்டாம் கோடும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்திருந்தேன். எங்கள் மருமகள் கையில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் தெலுங்குப் பெண். ஜனகாமா பக்கத்துக் குடும்பம். கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் தமிழ் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாள். படிக்க வராது.

"மாமய்யா, இது உங்க தமிழ் ரைட்டர் எழுதினதாமே? முழுக்க எங்க ஊர்க் கதை! ரஜாக்கர் காலம், போலீஸ் ஆக்‌ஷன், எல்லாம் இருக்கு. இவர் யாரு? இதெல்லாம் நிஜமா அவருக்கு நடந்ததா? எங்க ஊர்க் கதையை ஏன் தமிழ்ல எழுதினார்? கடைசில அந்தப் பையன் ஏன் அப்படி ஓடறான்?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அசோகமித்திரன் எழுதிய '18வது அட்சக்கோடு' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. கோமதி நாராயணன் மொழிபெயர்த்து 1993இல் வெளிவந்தது. தமிழில் அந்த நாவலை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். இருந்தும் அவள் கேட்ட கேள்விகளுக்கு உடனே பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை. நம் இரட்டை நகரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விகள் உபயோகப்படும் என்று நினைத்து நம் மலருக்கு எழுதுகிறேன்.

அவர் யார்?

அசோகமித்திரன் என்பது புனைபெயர். இயற்பெயர் ஜ. தியாகராஜன். 1931 செப்டம்பர் 22இல் பிறந்தது இதே சிகந்தராபாத்தில்தான். தகப்பனார் நிஜாம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். குடியிருப்பு, லான்சர் பாரக்ஸ் எனப்பட்ட பழைய ராணுவக் கட்டடங்களில். தகப்பனார் காலமானபின் 1952இல் குடும்பம் சென்னைக்குப் போயிற்று. அங்கே ஜெமினி ஸ்டுடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் உத்தியோகம். பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்து. 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்காக சாகித்ய அகாதமி விருது. 2017 மார்ச் 23இல் சென்னையில் மறைந்தார்.

நம் பிள்ளைகள் பலருக்கு இவரைத் தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது! சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் 'பொயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' என்று ஒரு பாடம் படித்திருப்பார்கள். ஜெமினி ஸ்டுடியோவின் மேக்கப் அறையில் தொடங்குமே, அதேதான். அது அசோகமித்திரன் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலிருந்து எடுக்கப்பட்ட பகுதி. அந்தப் பாடத்தை எழுதியவர் சிகந்தராபாத் ரயில்வே வீட்டுப் பையன் என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருப்போம்?

நடந்ததா, எழுதினதா?

நாவலின் கதாநாயகன் பெயர் சந்திரசேகரன். ரயில்வே உத்தியோகஸ்தர் மகன், தமிழ்க் குடும்பம், லான்சர் பாரக்ஸ் வாசம். காலேஜ் படிப்பு, கிரிக்கெட் பைத்தியம், சைக்கிள். அக்கம்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும். எழுதியவரின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இவற்றில் பலவற்றை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948 செப்டம்பரில் அசோகமித்திரனுக்குப் பதினேழு வயது முடியச் சில நாட்கள் பாக்கி.

அதற்காக இது சுயசரிதை ஆகிவிடாது. இவருடைய மற்ற நாவல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரிகிறது. சினிமா ஸ்டுடியோ அனுபவம் 'கரைந்த நிழல்கள்' ஆயிற்று. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் 'தண்ணீர்' ஆயிற்று. 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர்களோடு தங்கியிருந்தது பின்னால் 'ஒற்றன்' ஆயிற்று. எல்லாமே தான் நின்ற இடம், தன் கண்ணில் பட்டது. ஆனால் எதிலும் "பார், நான் எப்படிப் பட்டேன்" என்ற குரல் கிடையாது. இடத்தைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்வார். கதையைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிடுவார்.

'18வது அட்சக்கோடு' படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் முதலில் குழப்பமாக இருக்கும். சில இடங்களில் சந்திரசேகரன் "நான்" என்று பேசுகிறான். வேறு சில இடங்களில் கதை "அவன்" என்று சொல்கிறது. அச்சுப் பிழையோ என்றுகூட முதல் தடவை எனக்குத் தோன்றியதுண்டு. இப்போது யோசித்தால் வேறு மாதிரி படுகிறது. பதினாறு வயதில் நாம் செய்ததை நாற்பத்தைந்து வயதில் நினைத்துப் பார்க்கும்போது, சில காரியங்களை "நான் செய்தேன்" என்று சொல்ல முடிகிறது. சிலவற்றை "அந்தப் பையன் செய்தான்" என்றுதான் சொல்ல வாய் வருகிறது. உண்மையா கற்பனையா என்ற கேள்விக்கு நாவலின் அமைப்பே இப்படி ஒரு பதில் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏன் இந்தத் தலைப்பு?

இதையும் மருமகள் கேட்டாள். "கூகுள்ல பார்த்தேன் மாமய்யா, சிகந்தராபாத் 17.4 டிகிரின்னு வருது. 18ன்னு தப்பா போட்டுட்டாரா?"

தப்பு இல்லை என்றே நினைக்கிறேன். பூமத்திய ரேகையிலிருந்து எண்ணினால் பதினேழு முடிந்து பதினெட்டாவது பாகை நடந்துகொண்டிருக்கும் இடம் நம் ஊர். வயதைச் சொல்லும்போது "பதினேழு முடிஞ்சு பதினெட்டு நடக்குது" என்கிறோமே, அது போல. இன்னொன்றும் உண்டு. பதினெட்டாம் கோடு பழைய ஹைதராபாத் சமஸ்தானத்தின் நடுவே போகிறது. ஓரங்கல் ஏறக்குறைய அந்தக் கோட்டின்மேலேயே இருக்கிறது. 1940களின் கடைசியில் அட்சக்கோடு என்றாலே உலகத்துக்கு ஞாபகம் வந்தது கொரியாவை இரண்டாகப் பிரித்த 38வது கோடு. மனிதர்களைப் பிரிக்கிற கோடு இங்கேயும் ஒன்று இருந்தது என்று சொல்லத்தான் இப்படிப் பேர் வைத்தாரோ? இது என் ஊகம்தான். ஆனால் தேசப்படத்துக் கோடு தரையில் கண்ணுக்குத் தெரியாது, அதன்மேல் வாழ்கிறவனுக்குத்தான் தெரியும் என்பது நாவலைப் படித்தால் புரியும்.

அன்றைய ஹைதராபாத்

இளையவர்களுக்காகச் சுருக்கமாக வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். நிஜாம் சமஸ்தானம் சுமார் 82,000 சதுர மைல் பரப்பு. தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது பேசும் மக்கள். தனி ரயில்வே, தனித் தபால், ஹாலி சிக்கா என்ற தனி நாணயம். 1947 ஆகஸ்ட் 15இல் இந்தியா சுதந்திரம் அடைந்தபோது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இந்தியாவோடு சேரவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு வருஷத்துக்கு 'உள்ளது உள்ளபடி' ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காசிம் ரஜ்வி தலைமையில் ரஜாக்கர்கள் என்ற தொண்டர் படை பெருத்தது. கிராமங்களில் அவர்கள் அட்டூழியம். இன்னொரு பக்கம் தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம். 1948 செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். ஐந்து நாளில் முடிந்த இதைத்தான் 'போலீஸ் நடவடிக்கை' என்கிறோம்.

பாடப் புத்தகம் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ராணுவம் வந்தபின் பல மாவட்டங்களில் முஸ்லிம்கள்மீது பழிவாங்கும் வன்முறை நடந்தது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் ஆகிய மாவட்டங்களில் மிக அதிகம். அதை விசாரிக்கப் பிரதமர் நேரு அனுப்பிய பண்டிட் சுந்தர்லால் குழு 1948 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சுற்றிப் பார்த்துவிட்டு, குறைந்த கணக்கில் 27,000 முதல் 40,000 பேர்வரை உயிரிழந்திருக்கலாம் என்று எழுதியது. அந்த அறிக்கை வெளியிடப்படவில்லை. 2013இல்தான் டெல்லியில் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைத்தது.

நாவல் வெளிவந்த வருஷம் 1977. அதாவது சர்க்கார் அறிக்கை அலமாரியில் பூட்டிக் கிடந்த காலத்திலேயே, ஒரு தமிழ் நாவலாசிரியர் அந்த முடிவுறாத பாகத்தைத் தன் கடைசிப் பக்கங்களில் வைத்துவிட்டார். இதைச் சொன்னதும் மருமகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க நானம்மா ரஜாக்கர் பயத்தைப் பத்தி நிறைய சொல்வாங்க. ராத்திரி சோளக்காட்டுல போய் ஒளிஞ்சது, நகையைப் பானையில போட்டுப் புதைச்சது, எல்லாம். ஆனா அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு எங்க வீட்ல யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

ஏன் தமிழில்? ஏன் இத்தனை வருஷம் கழித்து?

1948இல் நடந்தது, 1952இல் ஊரை விட்டார், புத்தகம் 1977இல். போலீஸ் நடவடிக்கைக்கும் நாவலுக்கும் நடுவே இருபத்தொன்பது வருஷம். சூட்டோடு சூடாக எழுதியிருந்தால் கோபம் வந்திருக்கும், அல்லது வெற்றிக் களிப்பு வந்திருக்கும். இந்த நாவலில் இரண்டும் இல்லை. பத்திரிகைச் செய்தி ஆறி, ஞாபகம் மட்டும் மிஞ்சிய பிறகு எழுதியது. அதனால்தான் அதில் பெரிய தலைவர்கள் தூரத்து ரேடியோக் குரலாக மட்டும் வருகிறார்கள். கிரிக்கெட் ஆட்டமும் கூடப் படிக்கிற பையன்களும் பக்கத்து வீட்டுச் சண்டையும் கிட்டத்தில் இருக்கின்றன. பதினாறு வயதுப் பையனுக்கு உலகம் அப்படித்தானே இருந்திருக்கும்?

அவர் ஆங்கிலத்திலும் சரளமாக எழுதக்கூடியவர். இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நாடு முழுக்க உடனே போயிருக்கும். தமிழில் எழுதினார். தமிழ்நாட்டில் இருந்த வாசகருக்கு நிஜாம், ரஜாக்கர் எல்லாம் அன்று எங்கோ நடந்த கதை. ஆனாலும் தமிழ்தான். வீட்டில் பேசிய பாஷை அது. தெருவில் உருது, கடையில் தெலுங்கு, காலேஜில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ் என்று வளர்ந்தவன் மனசில் நினைப்பது எந்தப் பாஷையில்? நம்மையே கேட்டுக்கொண்டால் பதில் கிடைத்துவிடும்.

"தாசரதி ரங்காசார்யா எங்க பாஷையில நிஜாம் காலத்தை எழுதியிருக்காரே மாமய்யா, 'சில்லர தேவுள்ளு'. ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க" என்றாள். உண்மைதான். அது கிராமத்துக்குள்ளிருந்து, தொரைகளின் கெடுபிடியை அனுபவித்தவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அசோகமித்திரனுக்கு அந்த இடம் கிடையாது. அவர் அதற்கு ஆசைப்படவும் இல்லை. அவர் தேர்ந்தெடுத்தது ரயில்வே வீட்டுத் தமிழ்ப் பையனை. அவன் தெலுங்கனும் இல்லை, முஸ்லிமும் இல்லை, மண்ணின் மைந்தனும் இல்லை. இரண்டு பக்கத்தையும் ஓரத்தில் நின்று பார்ப்பவன். வீரனும் கிடையாது. கூட்டம் போனால் கூடப் போவான், அடி விழுந்தால் ஓடிவருவான்.

இந்தத் தேர்வைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஓரத்தில் நிற்பவன் யார்? நாம்தான்.

கடைசியில் ஏன் ஓடினான்?

கதை தெரியாதவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கலவர நேரத்தில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். உள்ளே பயந்து ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பம். தங்களை அழிக்க வந்தவன் என்று நினைக்கிறார்கள். அந்த வீட்டுச் சின்னப் பெண் முன்னே வந்து, எங்களை விட்டுவிடு என்று தன் உடம்பையே விலையாகக் கொடுக்க முன்வருகிறாள். அவன் அதிர்ந்துபோய், அருவருத்து, அங்கிருந்து ஓடுகிறான். நாவல் முடிகிறது.

அருவருப்பு அந்தப் பெண்மீது இல்லை. தன்மீதுதான். நாவல் முழுக்க அவன் தன்னை வேடிக்கை பார்ப்பவனாகவே நினைத்து வந்தான். அந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் கண் வழியாகத் தன்னைப் பார்க்கிறான். அவள் கண்ணுக்கு அவன் தமிழன் இல்லை, கிரிக்கெட் ஆடும் பையன் இல்லை, ரயில்வேக்காரர் மகன் இல்லை. ஜெயித்த கட்சி ஆள். அவ்வளவுதான். "நான் வெளியூர்க்காரன், எனக்கு இதில் சம்பந்தமில்லை" என்று அவளிடம் சொல்ல முடியுமா? சொன்னால்தான் எடுபடுமா? அந்தச் சாக்கு கையை விட்டுப் போன அதிர்ச்சியில்தான் அவன் ஓடுகிறான் என்று நான் படிக்கிறேன்.

இதை மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. காரணம் இருக்கிறது. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் பாங்க் உத்தியோகமாக இந்த ஊருக்கு வந்தது 1978இல். 1990 டிசம்பரில் நகரத்தில் பெரிய கலவரம், ஊரடங்கு. எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போன சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஒரு சாயங்காலம் கேட்டைத் தட்டினார். வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ராத்திரி மட்டும் ரிக்‌ஷாவோடு காம்பவுண்டுக்குள் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே, "ஹம் மதராசி லோகான் பாய், ஹமே க்யா மாலூம்" என்றேன். நாங்கள் மதராசிக்காரர்கள், எங்களுக்கு என்ன தெரியும் என்று அர்த்தம். அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் என்ன சம்பந்தம்? அவர் ஒரு நிமிஷம் நின்றார். "டீக் ஹை சாப்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் வழக்கம்போல் வந்து மணியடித்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று வருஷம் வந்தார். அந்த ராத்திரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அந்த மூன்று வருஷமும் காலை எட்டு மணிக்கு மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அடுக்களைப் பக்கம் போய்விடுவேன்.

'18வது அட்சக்கோடு' நாவலை இரண்டாம் தடவை படித்தது அதற்குப் பிறகுதான். முதல் தடவை படித்தபோது ஊர்ப் பெயர்கள் வருகின்றனவே என்ற சந்தோஷம் மட்டும் இருந்தது. இரண்டாம் தடவை சந்திரசேகரன் ஓடியபோது கூடவே நானும் ஓடினேன்.

நமக்கு என்ன?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரில் ஏதாவது என்றால், "நமக்கெதுக்கு வம்பு, நாம பொழைக்க வந்தவங்க" என்போம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் நம்மில் சிலர் இங்கே வந்து நாலு தலைமுறை ஆகிறது. கம்பெனி ராணுவத்தோடு வந்தவர்கள், ரயில்வேக்கு வந்தவர்கள், பாங்குக்கு வந்தவர்கள், இப்போது சாஃப்ட்வேருக்கு வந்திருக்கும் பிள்ளைகள். பத்மாராவ் நகர் என்று சர்வசாதாரணமாக விலாசம் எழுதுகிறோம். அது பத்மாராவ் முதலியார் பெயரால் வந்தது. ஊர் நம் பெயரைத் தன் தெருவுக்கு வைத்துக்கொண்ட பிறகும் நாம் விருந்தாளி என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

அசோகமித்திரன் இதை உபதேசமாகச் சொல்லவில்லை. அவர் எதையும் உபதேசமாகச் சொல்கிறவர் அல்லர். ஒரு பையனை ஓரத்தில் நிறுத்தினார், நானூறு ஐந்நூறு நாள் ஊர் கொதித்ததைப் பார்க்க வைத்தார், கடைசியில் ஓரம் என்று ஒன்று இல்லை என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். எழுத்தாளருக்கு எங்கிருந்து கதை கிடைத்தது என்று தேடிப் போனால் லான்சர் பாரக்ஸ்வரை போகலாம். அதை ஏன் இப்படி எழுதினார் என்று தேடிப் போனால் நம் வீட்டு கேட்டில் வந்து நிற்கிறோம்.

மருமகள் தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். அ, ஆ முடிந்து உயிர்மெய்க்கு வந்திருக்கிறோம். அடுத்த வருஷ மலருக்குள் அந்த நாவலைத் தமிழிலேயே படித்துவிடுவேன் என்று சவால் விடுகிறாள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அந்தச் சவாலை இங்கே எழுதி வைக்கிறேன்.